கம்ப்யூட்டரில் ஒரு பாகப்பிரிவினை

சேரம்பாடியிலிருந்து ஓர் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் கடிதம் எழுதியிருக்கிறார். செக்ரோல் எழுதிப் பழகிய கை என்பது பார்த்தவுடனே தெரிகிறது. கட்டத்துக்குள் நிற்கிற எழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது. விஷயம் இதுதான்:

'சம்பளம் போட்ட அன்று பேங்க்குக்குப் போனால் கவுன்ட்டரில் "சர்வர் டவுன்" என்கிறார்கள். வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே அதே பேங்க்கிலிருந்து என் போனுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது, கடன் வேண்டுமா என்று. படுத்துவிட்ட சர்வர் எப்படி ஸார் கடன் கொடுக்கும்? ஒரு பேங்க்குக்கு மொத்தம் எத்தனை சர்வர்?'

எந்த பேங்க் என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. இந்தக் கேள்வி எல்லா பேங்க்குக்கும் பொது.

என் தலைமுறைக்கு சர்வர் என்றால் தோளில் துண்டு, கையில் நாலு தட்டு, 'ரெண்டு இட்லி, ஒரு வடை, சாம்பார் தூக்கலா' என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிற ஆசாமி. ஒரே சமயத்தில் எட்டு டேபிளைக் கவனிப்பார். யாருக்கு ஸ்பெஷல் தோசை, யாருக்கு ஸ்ட்ராங் காப்பி என்று பேப்பர் பென்சில் இல்லாமல் ஞாபகம் வைத்திருப்பார். அவர் டவுன் ஆகி நான் பார்த்ததில்லை. மிஞ்சிப் போனால் சொந்த ஊரில் கல்யாணம் என்று லீவு போடுவார். கம்ப்யூட்டர் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. பல டேபிள், ஒரே ஆள். ஆனால் அது படுத்தால் எட்டு டேபிள் இல்லை, எட்டாயிரம் டேபிள் பட்டினி.

சேரம்பாடியைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. கூடலூரில் பஸ் ஏறி நாடுகாணி, தேவாலா, பந்தலூர் தாண்டினால் வரும். அதற்குமேல் கொஞ்சம் போனால் சோலாடி செக்போஸ்ட், அப்புறம் வயநாடு, கேரளா. எந்த மாநிலத்து டவரைப் பிடிப்பது என்று செல்போனே தயங்குகிற இடம். சுற்றிலும் தேயிலை. மழைக்காலத்தில் மழை, மற்ற காலத்தில் யானை, சில நாட்களில் இரண்டும் சேர்ந்து.

ஒரு காலத்தில் எஸ்டேட்டில் சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுப்பார்கள். 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனதற்குப் பிறகு பல எஸ்டேட்டுகளில் கூலி பேங்க் கணக்கில் விழுகிறது. எடுப்பதற்கு மெனக்கெட்டுப் போக வேண்டும். போனால் அன்றைய கொழுந்து போச்சு. கொழுந்து போனால் அன்றைய கூலி போச்சு. அங்கே போய் 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்க' என்று கேட்டால் இரண்டாவது நாள் கூலியும் போச்சு. உழைத்த பணத்தைத் தொடுவதற்கு உழைப்பையே அபராதமாகக் கட்டுகிறார்கள். ஆகவே அந்த கிளார்க்கின் கேள்வியை ஜோக் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 'சர்வர் டவுன்' என்று சொல்லப்படும் சம்பவங்களில் பலவற்றில் சர்வர் நிரபராதி. எங்கேயோ மண் சரிந்து கேபிள் அறுந்திருக்கும். இல்லை, ரோடு போட வந்த பொக்லைன் ஒரே வாயில் கேபிளையும் சேர்த்துக் கடித்திருக்கும். மும்பையில் சர்வர் தேமே என்று ஓடிக்கொண்டிருக்கும், பழி மட்டும் அதன்மேல் விழும்.

நிஜமாகவே சர்வர் மக்கர் செய்கிற நாட்களும் உண்டு. அன்றைக்கும் எஸ்.எம்.எஸ். வருகிறதே, அது எப்படி? அதற்குப் பதில் பாகப்பிரிவினை.

தமிழ் சினிமாவில் பாகப்பிரிவினை என்றால் முற்றத்துக்கு நடுவே சுவர் எழும்பும். அம்மா தூணைக் கட்டிக்கொண்டு அழுவாள். கம்ப்யூட்டரில் யாரும் அழுவதில்லை. சுவர் எழுப்பாவிட்டால்தான் பிற்பாடு அழ வேண்டியிருக்கும். எழுப்புவதில் மூன்று தினுசு உண்டு. மூன்றையும் நீங்கள் வாடகை கொடுத்தே அனுபவித்திருப்பீர்கள்.

முதல் தினுசு, திருவல்லிக்கேணி மேன்ஷன். ஒரே ரூம், நாலு கட்டில், ஆறு பேர். ஒருத்தன் நைட் டியூட்டிக்குப் போனால் இன்னொருத்தன் அந்தப் பாயில் படுப்பான். ஒரே ஆபரேட்டிங் சிஸ்டத்தில் நூறு பேர் லாகின் செய்து வேலை பார்ப்பது இந்த ரகம். சிக்கனம்தான். ஆனால் ஒருத்தன் ராத்திரி இரண்டு மணிக்கு லைட்டைப் போட்டால் ஆறு பேருக்கும் தூக்கம் போச்சு.

இரண்டாவது, ஒண்டுக் குடித்தனம். தனித்தனி போர்ஷன். ஆனால் குழாய் ஒன்று, பாத்ரூம் ஒன்று, காலையில் வாளி வரிசை. எல்லாருக்கும் மேலே வீட்டுக்காரர். கரன்ட்டை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று அவர்தான் முடிவு செய்வார். கம்ப்யூட்டரில் இதை 'விர்ச்சுவல் மெஷின்' என்கிறார்கள். ஒரு மெஷினுக்குள் பத்து மெஷின் இருப்பதுபோல் சாஃப்ட்வேர் நாடகம் போடுகிறது. சுவர் உண்டு, ஆனால் அது மனசுக்குள் இருக்கிற சுவர். வீட்டுக்காரர், அதாவது மேலே இருக்கிற சாஃப்ட்வேர், மண்டையைப் போட்டால் பத்து குடித்தனமும் நடுத்தெருவில்.

மூன்றாவது, லைன் வீடு. சேரம்பாடிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே நீளக் கூரை, வரிசையாக வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு. நடுவில் இருப்பது நிஜச் சுவர். பக்கத்து வீட்டு அடுப்பு அணைந்தால் உங்கள் சோறு பாதியில் நிற்காது. இதுதான் ஹார்டுவேர் பார்ட்டிஷன்.

லைன் வீடு பற்றி இன்னும் ஒரு வார்த்தை. தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் நீலகிரியில் அரசு தேயிலை நடத் தொடங்கியது. அது 1976-ல் டான்டீ என்கிற கார்ப்பரேஷன் ஆனது. சேரம்பாடி வட்டாரத்தில் அதன் தோட்டங்கள் உண்டு. இப்படி வந்தவர்களில் எத்தனையோ பேர் இரண்டு நாட்டு லைன்களிலும் வாழ்ந்து பார்த்தவர்கள். சுவர் என்பது எதைக் காக்கும், எதைக் காக்காது என்று அவர்களுக்கு எந்த இன்ஜினீயரும் கிளாஸ் எடுக்க வேண்டாம்.

*

மெஷினுக்கு வருவோம்.

2000-ம் வருஷம் எச்.பி. கம்பெனி சூப்பர்டோம் என்று ஒரு சர்வரை இறக்கியது. பெரிய சைஸ் மாடல் என்றால் ஆளுயர பீரோ இரண்டு. ஒரு பீரோவில் 8 பலகை. பலகைக்குப் பெயர் செல். (பாக்கெட்டைத் தடவ வேண்டாம், அந்த செல் இல்லை.) ஒரு செல்லில் 4 பிராசஸர், கூடவே அதற்கான மெமரி. இரண்டு பீரோவுக்கும் சேர்த்து 16 செல், 64 பிராசஸர். செல்களுக்கு நடுவே கிராஸ்பார் என்று ஒரு நாற்சந்தி. எந்த செல்லிலிருந்தும் எந்த செல்லுக்கும் அது வழியாகப் போகலாம்.

பதினாறையும் சேர்த்து ஒரே ராட்சசனாக ஓட்டலாம். பிரிக்கவும் பிரிக்கலாம். 'மூன்று செல் இவருக்கு, ஐந்து செல் அவருக்கு, ஒரு செல் சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்க்க' என்று பத்திரம் எழுதுவது போல. அதிகபட்சம் 16 பாகம். ஒவ்வொரு பாகத்துக்கும் தனி ஆபரேட்டிங் சிஸ்டம், தனி டிஸ்க், தனி நெட்வொர்க் கார்டு. ஒரு பாகத்தை அணைத்து மறுபடி ஏற்றலாம், பக்கத்து பாகத்துக்குச் செய்தியே போகாது. ஒரு செல்லில் மெமரி பழுதானால் அது சேர்ந்திருக்கிற பாகம் மட்டும் விழும். நாற்சந்தியில் நிற்கிற எலக்ட்ரானிக் போலீஸ் ஒரு வீட்டுக் குப்பையை இன்னொரு வீட்டுக்குள் போக விடாது.

'எதற்கு இந்த வம்பு? பதினாறு சின்ன கம்ப்யூட்டர் வாங்கினால் போச்சே?' என்று சிக்கனக்காரர்கள் கேட்பார்கள். வாங்கலாம். ஆனால் மார்ச் 31 ராத்திரி ஒரு வேலைக்கு மட்டும் நாலு மடங்கு பலம் தேவைப்படும். ஏப்ரல் 2-ம் தேதி தேவைப்படாது. சின்ன கம்ப்யூட்டரை உடைத்து இன்னொன்றோடு ஒட்ட முடியாது. லைன் வீட்டில் நடுச்சுவரைத் தள்ளி வைக்க முடிந்தால் எப்படி இருக்கும்? கல்யாணத்துக்குப் பத்து அறை, மறுநாள் பழையபடி இரண்டு அறை. சூப்பர்டோம் விற்றது அந்த வசதியை. சுவரும் வேண்டும், அது நகரவும் வேண்டும்.

இந்த ஐடியா எச்.பி.யின் சொந்தச் சரக்கு இல்லை. ஐ.பி.எம். தன் பெரிய மெயின்ஃப்ரேம்களைத் தருக்கரீதியாகப் பிரிக்கும் வசதியை 1988-லேயே கொடுத்துவிட்டது. (அப்போது ஐ.பி.எம். இந்தியாவில் இல்லை. 1978-ல் மூட்டை கட்டிக்கொண்டு போன கதை தனிக் கட்டுரைக்கு ஆகும்.) ஆனால் யூனிக்ஸ் உலகத்தில் இதைப் பிரபலமாக்கியது சன் கம்பெனி. அதன் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது.

சூப்பர் கம்ப்யூட்டர் புகழ் க்ரே கம்பெனியில் ஒரு தனிக் குழு சன் பிராசஸர்களைப் போட்டுப் பெரிய சர்வர் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தது. 1996-ல் சிலிகான் கிராஃபிக்ஸ் கம்பெனி க்ரேயை மொத்தமாக வாங்கியது. வாங்கின கையோடு, 'இது நமக்கு வேண்டாத சரக்கு' என்று அந்தக் குழுவை மட்டும் போட்டியாளரான சன்னிடமே விற்றுவிட்டது. சன் அதை 1997-ல் என்டர்பிரைஸ் 10000 என்று வெளியிட்டது. செல்லப் பெயர் ஸ்டார்ஃபயர். 16 பலகை, 64 பிராசஸர், டொமைன் என்கிற பாகங்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டொமைனிலிருந்து பலகையை உருவி இன்னொன்றுக்குக் கொடுக்கலாம். இன்டர்நெட் மோகம் தலைக்கேறிய வருஷங்களில் ஒன்று மில்லியன் டாலர், அதற்கு மேல் என்று விற்றுத் தள்ளினார்கள். பரணில் கிடந்த பழைய பாத்திரத்தை எதிர்வீட்டுக்காரனுக்கு விற்றுவிட்டு, அது வெள்ளி என்று அப்புறம் தெரிந்துகொண்ட கதை.

நம் ஊருக்கும் இந்த ரக மெஷின்கள் வந்தன. ஸ்டேட் பேங்க் 2003 முதல் தன் கிளைகளை ஒவ்வொன்றாக ஒரே மையத்தோடு இணைத்தது. டி.சி.எஸ். அமைத்த பேன்க்ஸ் சாஃப்ட்வேர், அடியில் சூப்பர்டோம் சர்வர்கள். அதுவரை ஒரு கிளையின் கணக்கு அந்தக் கிளையின் பீரோவில் இருந்தது. அதற்கப்புறம் ஊட்டிக்காரர் உத்தரப்பிரதேசத்தில் பணம் எடுக்கலாம் என்று ஆனது. பிற பேங்க்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக இதே வழிக்கு வந்தன. சௌகரியம்தான். கூடவே, எங்கேயோ இருக்கிற ஒரு ஹாலில் யாரோ தும்மினால் இங்கே கவுன்ட்டரில் ஜலதோஷம் பிடிக்கும் என்பதும் வந்து சேர்ந்தது.

அதனால்தான் சுவர். இப்படிப்பட்ட மையங்களில் பொதுவாகக் கவுன்ட்டர் வேலை ஒரு பாகம். ஏ.டி.எம். வேறு சர்வர். ராத்திரி வட்டி கணக்குப் போடுவது ஒன்று. புது சாஃப்ட்வேரை ஏற்றிச் சோதிப்பது, அடி பட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு மூலை வீடு. கடன் வேண்டுமா என்று விளம்பரம் அனுப்புவது முற்றிலும் தனி வீடு, பல சமயம் தனித் தெருவே. ஆகவே சேரம்பாடி நண்பரே, கவுன்ட்டர் வீட்டில் இழவு விழுந்த அதே நேரத்தில் எஸ்.எம்.எஸ். வீட்டில் கெட்டிமேளம் கொட்டுவது சாத்தியம். சுவர் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

இது உங்களுக்கு ஆறுதலாக இருக்காது என்று தெரியும்.

*

சுவரை யார் எழுப்புகிறார்கள்? கையில் கொல்லுக்கரண்டியோடு யாரும் உள்ளே போவதில்லை. பீரோவுக்குள்ளேயே மேனேஜ்மென்ட் பிராசஸர் என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் தனியாக உட்கார்ந்திருக்கிறது. பெரிய கம்ப்யூட்டர்கள் அத்தனையும் அணைந்திருந்தாலும் இது மட்டும் முழித்திருக்கும். ராத்திரி வாட்ச்மேன் மாதிரி. எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, எந்த வீட்டில் புகை, எல்லாம் இதற்குத் தெரியும். கொத்துச்சாவி இதன் இடுப்பில்.

இதற்குள் நுழைய மூன்று அந்தஸ்து வைத்திருந்தார்கள். அட்மினிஸ்ட்ரேட்டர், ஆபரேட்டர், ஒற்றைப் பாகக்காரர். எஸ்டேட் பாஷையில் துரை, மேஸ்திரி, தன் வீட்டு வாசல் மட்டும் தெரிந்த குடித்தனக்காரர். இது போக, ஓடிக்கொண்டிருக்கிற ஏதாவது ஒரு பாகத்திலிருந்தே கமாண்ட் கொடுக்கலாம். பாகம் உண்டாக்க 'பார்கிரியேட்', மாற்ற 'பார்மாடிஃபை', யாருக்கு எத்தனை செல் என்று பார்க்க 'பார்ஸ்டேட்டஸ்'. கமாண்ட் அடிக்கச் சோம்பல் என்றால் பார்ட்டிஷன் மேனேஜர் என்று படம் போட்டுக் காட்டுகிற சாஃப்ட்வேர் ஒன்று. பெட்டி பெட்டியாக வரும், மவுஸில் க்ளிக் செய்யலாம். தாசில்தார் ஆபீஸில் பட்டா மாற்றல் இவ்வளவு சுலபமாக இருந்தால் பாதி கோர்ட்டை மூடிவிடலாம்.

சுலபமாக இருப்பதுதான் ஆபத்து. மூன்று சாம்பிள்.

ஒன்று, பாகங்களின் எண் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். மூன்றாவது பாகத்தின் எண் 2. 'மூணாவது பார்ட்டிஷனை ரீபூட் பண்ணுப்பா' என்று போனில் சொன்னால், சொன்னவர் எண்ணிச் சொன்னாரா, எண்ணைச் சொன்னாரா? ஒன்று சோதனை வீடு, இன்னொன்று கவுன்ட்டர் வீடு என்றால் சேரம்பாடியில் நூறு பேர் கூலி போச்சு. தகராறு ஒரே ஓர் இலக்கத்தில்.

இரண்டு, சாதாரண ரீபூட் வேறு, சுவரை நகர்த்துவதற்கான ரீபூட் வேறு. ஆரம்ப வருஷங்களில் ஒரு பாகத்துக்கு செல் கூட்டவோ குறைக்கவோ செய்துவிட்டு, அந்த இரண்டாவது ரகத்தில் ஏற்ற வேண்டும். மறந்து போய் சாதாரணமாக ஏற்றினால் ஒன்றும் நடக்காது. பத்திரம் எழுதியாச்சு, ரிஜிஸ்தர் ஆகவில்லை. ஆள் செல் வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார். மார்ச் 31 ராத்திரிதான் வரவில்லை என்று தெரியும்.

மூன்று, 'ஜெனிசிஸ்' என்று ஓர் ஏற்பாடு. ஆதியாகமம்! அதைக் கூப்பிட்டால் இதுவரை செய்த பாகப்பிரிவினை அத்தனையும் ரத்து. ஒரே ஒரு செல்லோடு புது உலகம் ஆரம்பமாகும். மெஷினைப் புதிதாக இறக்கி வைக்கும்போது அவசியமானது, அதற்கப்புறம் கனவில்கூட வரக் கூடாதது. செல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது தவறி அழுத்தினால் ஆகிவிடாதபடி தடுப்பு வைத்திருந்தார்கள். 'கடைசியாக இருந்த ஏற்பாட்டையே திருப்பிக் கொடு' என்று மன்றாடவும் பக்கத்திலேயே ஒரு வழி. மனிதனைப் படித்தவன் எவனோ டிசைன் செய்திருக்கிறான்.

இந்த வேலையில் இருக்கிற இளைஞர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் ராத்திரி ஷிஃப்டில் கண் சிவக்க உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் நீலகிரிப் பையன்களும் உண்டு. தேயிலைக் கூடை சுமந்த கைகள் படிக்க வைத்த பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று பெயர்ப்பலகையைப் படிக்காமல் கதவைத் தட்டாதீர்கள். கமாண்ட் அடிப்பதற்கு முன் பார்ஸ்டேட்டஸ் ஒரு தடவை, அடித்த பிறகு ஒரு தடவை. எண்ணைச் சொல்லும்போது பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்து சீட்காரரை எழுப்பி, 'இதைத்தானே செய்யப்போகிறோம்?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். தூக்கக் கலக்கத்தில் திட்டுவார். திட்டட்டும்.

இன்னொரு வேடிக்கை. இந்த மெஷின்களில் 'இன்ஸ்டன்ட் கெப்பாசிட்டி' என்று ஒரு வியாபாரம். பிராசஸரை உள்ளே வைத்தே அனுப்பிவிடுவார்கள், ஆனால் பூட்டி. தேவை வந்தால் பணம் கட்டி, சங்கேத வார்த்தை வாங்கி, திறந்துகொள்ளலாம். வீட்டுக்குள்ளேயே ஓர் அறை, சாவி கடைக்காரரிடம். தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் பாத்ரூமுக்குப் போக வேண்டும். வாடகைக்குக் குடியிருந்தவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். வீட்டுக்காரர் தட்டுமுட்டுச் சாமான் போட்டுப் பூட்டிய ரூம் எல்லார் வாழ்க்கையிலும் ஒன்று உண்டு.

*

சுவருக்கும் குறை உண்டு. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, காலி வீடு. பக்கத்து பாகத்தில் பிராசஸர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும், உங்கள் பாகத்தில் மூச்சு முட்டும். சுவர் இருப்பதால் எட்டிக் கடன் வாங்க முடியாது. ஒண்டுக் குடித்தனத்தில் இது நடக்கும். எதிர் போர்ஷன்காரர் ஊருக்குப் போனால் அவர் பங்குத் தண்ணீர் நமக்கு. அதனால்தான் கம்பெனிகள் மெல்ல மெல்ல விர்ச்சுவல் மெஷின் பக்கம் சாய்ந்தன. அதன் விஸ்வரூபம்தான் இன்றைய க்ளவுட். ஊரே ஒண்டுக் குடித்தனம். சூப்பர்டோமில் பிற்பாடு போட்ட இட்டேனியம் பிராசஸரின் கடைசி லோடை இன்டெல் 2021-ல் அனுப்பிவிட்டுக் கடையை மூடியது. சூப்பர்டோம் என்கிற பெயர் மட்டும் வேறு பிராசஸரோடு தொடர்ந்தது.

இரண்டாவது, சுவர் கூரைவரை போகிறதா என்பது. பழைய லைன்களில் சில இடங்களில் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. இந்த வீட்டுச் சண்டை அந்த வீட்டில் வானொலி நாடகம் மாதிரி கேட்கும். 2018 ஜனவரியில் கம்ப்யூட்டர் உலகம் இதைத்தான் கண்டுபிடித்து அதிர்ந்தது. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று இரண்டு ஓட்டைகள். வேகத்துக்காக பிராசஸர்கள் 'அடுத்து இதைத்தான் கேட்பான்' என்று முன்கூட்டியே வேலை செய்து வைக்கும். அந்தத் தடயத்தை வைத்து, ஒரே பிராசஸரைப் பங்கு போடுகிறவர்களில் ஒருவர் மற்றவருடைய ரகசியத்தை ஒட்டுக் கேட்கலாம் என்று ஆனது. பிராசஸரையே பங்கு போடாத லைன் வீட்டுக்காரர்கள் அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மூன்றாவது, கூரை ஒன்றுதான். 1999 ஜூனில் அமெரிக்காவில் இபே ஏலக் கம்பெனி ஏறக்குறைய 22 மணி நேரம் படுத்தது. டேட்டாபேஸ் கெட்டுப்போனது, அது ஓடியது சன் கம்பெனியின் பெரிய சர்வரில். தயாராக ஓடிக்கொண்டிருக்கிற மாற்று மெஷின் இல்லை. ஷேர் விலை சரிந்தது. எத்தனை கனமான சுவரும் ஒரே கூரையின் கீழ்தான். கூரைக்கே ஆபத்து என்றால் வேறு ஊரில் இன்னொரு வீடு வேண்டும். அதனால்தான் பேங்க்குகள் ஒரு மையத்தை ஒரு ஊரிலும் அதன் நகலைத் தொலைவில் வேறு ஊரிலும் வைக்கின்றன.

இதெல்லாம் இன்ஜினீயர்கள் சமாசாரம். நமக்கு உறைக்க வேண்டியது வேறு.

பாகம் பிரிப்பவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இருப்பது பதினாறு செல். யாருக்கு எத்தனை? கவுன்ட்டருக்கு நாலா, ஆறா? விளம்பரத்துக்கு ஒன்றா, மூன்றா? இதை சாஃப்ட்வேர் சொல்லித் தராது. பார்மாடிஃபை கமாண்ட் மறுபேச்சுப் பேசாமல் சொன்னதைச் செய்யும். சம்பள நாளில் கவுன்ட்டர் மூச்சுத் திணறுகிறது, கடன் விளம்பரம் காலை நீட்டிப் படுத்திருக்கிறது என்றால் அது ஹார்டுவேர் கோளாறு இல்லை. யாரைக் காக்க வைக்கலாம், யாரைக் கூடாது என்று ஏதோ ஒரு கான்ஃபரன்ஸ் ரூமில், டீ சாப்பிட்டுக்கொண்டே முடிவு செய்திருக்கிறார்கள். அந்த டீ நீலகிரித் தேயிலையாகக்கூட இருக்கலாம்.

எஸ்டேட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. மலை உச்சியில் துரை பங்களா, எத்தனையோ அறை, பாதியில் ஆள் கிடையாது. கீழே லைனில் ஓர் அறை, அதில் ஆறு பேர். நிலம் ஒன்றுதான், சுவர் வைத்தவர் கை வேறு. ஆனால் ஒரு வித்தியாசம். பங்களாவை இடித்து லைனோடு சேர்ப்பது நடக்காத காரியம். சர்வரில் சுவரை நகர்த்துவது ஒரு கமாண்ட், ஒரு ரீபூட். மாதத்தில் அந்த இரண்டு நாளுக்காவது கவுன்ட்டர் வீட்டுக்கு இரண்டு செல் கூட்டிக் கொடுக்கலாம். மெஷினை விற்றவன் அதைச் சொல்லித்தான் விற்றான்.

ஆகவே அடுத்த தடவை 'சர்வர் டவுன்' என்றால் பயப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: 'எந்த பாகம் ஸார் டவுன்?'

பதில் தெரியாமல் முழிப்பார். முழிக்கட்டும். மேனேஜரிடம் போய்க் கேட்பார், மேனேஜர் மேலே கேட்பார். நாலு கிளையிலிருந்து நாலு மேனேஜர் கேட்டால் யாராவது ஒருத்தர் பார்ஸ்டேட்டஸ் அடித்துப் பார்ப்பார்.